'ஃபுல் எமர்ஜென்சி' என்று டிவியில் ஓடும்போது விமானத்துக்குள் என்ன நடக்கிறது?

2024 அக்டோபர் 11 மாலை பலருக்கும் நினைவிருக்கும். திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றியது. டிவிக்காரர்கள் நேரலை போட்டார்கள். மும்பைத் தமிழர்களில் பாதிப் பேருக்குச் சொந்தபந்தம் அந்தப் பக்கம்தான் என்பதால் மாட்டுங்காவிலும் தாராவியிலும் அன்று போன் ஓயவில்லை. "இறங்க முடியாமல் தவிக்குதாம்" என்பதுதான் எல்லார் வாயிலும். கடைசியில் விமானம் வழக்கம்போலச் சக்கரங்களில் இறங்கி நின்றது.

அது தவித்துக்கொண்டிருக்கவில்லை. இறங்குவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தது. விமான நிலையம் முழு அவசரநிலை அறிவித்திருந்தது உண்மை. ஆனால் விமானிகள் அவசரநிலை எதையும் அறிவிக்கவில்லை என்று நிறுவனம் பிறகு விளக்கம் சொன்னது. இரண்டும் வேறு வேறு விஷயங்கள். செய்திகளில் இவை ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க, கொஞ்சம் அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் ஓர் ஆம்புலன்ஸ்

சயான் ஆஸ்பத்திரி சிக்னலில் தினமும் நடப்பதுதான். சைரன் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும். டாக்ஸி, பெஸ்ட் பஸ், பைக் எல்லாம் முட்டி மோதி ஒதுங்கும். உள்ளே இருப்பவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கலாம். கால் எலும்பு முறிந்து, மற்றபடி நன்றாகப் பேசிக்கொண்டும் இருக்கலாம். சைரன் அதையெல்லாம் சொல்வதில்லை. வழி விடுங்கள் என்று மட்டும்தான் சொல்கிறது.

விமானி அவசரநிலை அறிவிப்பதும் இப்படித்தான். அறிவித்த நொடியிலிருந்து அந்த விமானத்துக்கு முன்னுரிமை. எந்த உயரத்துக்கு இறங்க வேண்டும், எந்த ஓடுபாதை வேண்டும் என்று அவர் கேட்பார். மற்ற விமானங்களை நகர்த்தி வழி செய்து கொடுப்பது தரையில் இருப்பவர்கள் வேலை. பாதுகாப்புக்குத் தேவைப்பட்டால் வழக்கமான விதிகளை மீறவும் கேப்டனுக்கு அதிகாரம் உண்டு.

ஆம்புலன்ஸில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஓட்டுநர் ஓட்டுகிறார், பின்னால் இருக்கும் உதவியாளர் நோயாளியைப் பார்க்கிறார். ஓட்டுநரும் திரும்பித் திரும்பி நோயாளியைப் பார்க்க ஆரம்பித்தால் எல்லாருக்கும் ஆபத்து. காக்பிட்டுக்குள் போகும்போது இது நமக்குத் தேவைப்படும்.

மும்பையில் இப்படி வழி விடுவது கொஞ்சம் சிரமமான காரியம். இங்கே இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். கோளாறான விமானம் ஓடுபாதையிலேயே நின்றுவிட்டால், பின்னால் வருகிறவை வானத்தில் காத்திருக்கும், இல்லாவிட்டால் அகமதாபாத், கோவா என்று வேறு ஊருக்குத் திரும்பும். சம்பந்தமே இல்லாத உங்கள் சென்னை விமானம் மூன்று மணி நேரம் தாமதமாவது இப்படித்தான்.

பறக்கும் விமானத்தை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

தரையிலிருந்து விமானங்களைக் கண்காணித்து, ஒன்றோடொன்று மோதாமல் வழிநடத்துகிறவர்கள் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள். இவர்களையும் இவர்கள் அமைப்பையும் சுருக்கமாக ஏடிசி என்பார்கள். இந்தியாவில் இதை நடத்துவது இந்திய விமான நிலைய ஆணையம். அவர்கள் திரையில் தெரியும் புள்ளி எப்படி வருகிறது?

பழைய முறை முதல்நிலை ரேடார். ரேடியோ அலையை அனுப்பி, அது எதன் மீதாவது பட்டுத் திரும்புவதை வைத்து 'அங்கே ஏதோ இருக்கிறது' என்று சொல்லும். அது எந்த விமானம், எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இரண்டாம் நிலை ரேடார் அதைக் கேள்வியாகவே கேட்கும். பதில் சொல்வதற்கு விமானத்தில் ஒரு கருவி இருக்கிறது, அதன் பெயர் டிரான்ஸ்பாண்டர். தனக்குக் கொடுக்கப்பட்ட நான்கு இலக்க எண்ணையும் உயரத்தையும் அது தானாகவே அனுப்பும்.

மூன்றாவது ஏடிஎஸ்-பி. இதில் யாரும் கேட்க வேண்டியதில்லை. ஜிபிஎஸ் மூலம் தெரிந்துகொண்ட இடத்தையும் உயரத்தையும் வேகத்தையும் விமானமே நொடிக்குச் சுமார் இரண்டு முறை அறிவித்துக்கொண்டே போகும். ஃப்ளைட்ரேடார்24 மாதிரியான ஆப்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். உலகம் முழுக்க ஆர்வலர்கள் தங்கள் வீட்டு மாடியில் வைத்திருக்கும் சிறிய ரிசீவர்கள் அந்த அறிவிப்பைப் பிடித்து அனுப்புகின்றன.

இந்த அலைகள் நேர்கோட்டில் செல்பவை, சில நூறு கிலோமீட்டர்தான் எட்டும். மும்பை கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பில் அரபிக்கடலின் பெரும்பகுதி இருக்கிறது, கடல் நடுவில் யார் ரிசீவர் வைப்பது? அதனால்தான் வளைகுடா போகும் விமானம் ஆப்பில் திடீரென்று மறைகிறது. "காணாமல் போய்விட்டது" என்று உடனே குடும்ப குரூப்பில் போட வேண்டாம். அங்கே விமானிகள் செயற்கைக்கோள் வழிச் செய்திகளிலும், தொலைதூரம் எட்டும் எச்எஃப் ரேடியோவிலும் தங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டுதான் போகிறார்கள். 2014 மார்ச்சில் மலேசிய விமானம் எம்எச்370 மறைந்த பிறகு, பெரிய பயணிகள் விமானங்களின் இருப்பிடம் கடல் மேலும் குறைந்தது 15 நிமிடத்துக்கு ஒரு முறையாவது நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும் என்ற சர்வதேச விதி 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

நான்கு இலக்கங்களும் இரண்டு அழைப்புகளும்

டிரான்ஸ்பாண்டர் எண்ணில் 0 முதல் 7 வரையிலான இலக்கங்கள் மட்டுமே வரும். அவற்றில் மூன்று எண்களுக்குத் தனி அர்த்தம் உண்டு. 7500 என்றால் கடத்தல், 7600 என்றால் ரேடியோ வேலை செய்யவில்லை, 7700 என்றால் பொதுவான அவசரநிலை. 7700 போட்டதும் கட்டுப்பாட்டாளர் திரையில் அந்த விமானம் தனித்துத் தெரியும். ஆப்பிலும் சிவப்பாக மாறும். நம் ஆட்களுக்குப் பதற்றம் ஆரம்பிப்பது அந்தச் சிவப்பில்தான்.

சுவாரஸ்யம் என்னவென்றால், ஏடிசியோடு ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் விமானி பல நேரம் எண்ணை மாற்றுவதே இல்லை. யார், எங்கே என்று அவர்களுக்குத்தான் தெரியுமே. ஆகவே சிவப்பு வந்தால் அழிவு என்றும் இல்லை, வராவிட்டால் சிக்கல் இல்லை என்றும் இல்லை.

ரேடியோவில் சொல்வதற்கு இரண்டு அழைப்புகள். உயிராபத்து உடனடியாக இருக்கிறது, இப்போதே உதவி வேண்டும் என்றால் 'மே டே'. நிலைமை கவலைக்குரியது, ஆனால் உடனடி ஆபத்து இல்லை என்றால் 'பான் பான்'. இரண்டையும் மூன்று முறை சொல்வார்கள்.

இவை விமானி பக்கத்து அறிவிப்புகள். விமான நிலையம் அறிவிப்பது வேறு. 'லோக்கல் ஸ்டாண்ட்பை' என்றால் நிலையத்துக்குள் இருக்கும் தீயணைப்பு, மருத்துவக் குழுக்கள் தயாராக நிற்கும். 'ஃபுல் எமர்ஜென்சி' என்றால் தீயணைப்பு வண்டிகள் ஓடுபாதை ஓரம் குறித்த இடங்களில் நிறுத்தப்படும், வெளி ஆஸ்பத்திரிகளுக்கும் தகவல் போகும். 2025 செப்டம்பர் 12 அன்று காண்ட்லாவிலிருந்து 75 பயணிகளுடன் மும்பை வந்த ஸ்பைஸ்ஜெட் க்யூ400 விமானத்தில் இதுதான் நடந்தது. அதன் வெளிப்புறச் சக்கரம் ஒன்று புறப்பட்ட ஓடுபாதையிலேயே விழுந்து கிடந்தது தெரியவந்தது. மும்பையில் முழு அவசரநிலை அறிவித்தார்கள். விமானம் இறங்கி, தானாகவே உருண்டு முனையத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆக, இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: விமானி கேட்பது வழி. விமான நிலையம் செய்வது முன்னேற்பாடு. 'ஃபுல் எமர்ஜென்சி' என்ற தலைப்புச் செய்தி பெரும்பாலும் பின்னதைப் பற்றியது.

காக்பிட்டில் இருவர்

கேப்டன் ஓட்டுவார், துணை விமானி உதவி செய்வார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பறக்கும் வேலையை இருவரும் மாற்றி மாற்றிச் செய்கிறார்கள். மும்பையிலிருந்து சென்னைக்கு ஒருவர் என்றால், திரும்பும்போது மற்றவர். பறக்கவைப்பவர் ஒருவர், கண்காணிப்பவர் ஒருவர், அவ்வளவுதான். கண்காணிக்கும் விமானிக்கு ரேடியோவும் செக்லிஸ்டும் பொறுப்பு. அதோடு வேகம், உயரம், திசை ஆகியவற்றிலிருந்து கண்ணை எடுக்காமல், எது விலகினாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அனுபவத்தில் சின்னவராக இருந்தாலும் சொல்ல வேண்டும், மனதுக்குள் நினைத்துக்கொண்டால் போதாது.

இந்தக் கண்காணிப்பை ஏன் தனி வேலையாகவே வைத்தார்கள் என்பதற்கு 1972 டிசம்பர் 29 இரவு அமெரிக்காவின் மயாமி அருகே நடந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமான விபத்தைச் சொல்ல வேண்டும். முன்சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் சின்ன பல்பு எரியவில்லை. காக்பிட்டில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தப் பல்பின் மீதே கவனமாகிவிட்டார்கள். இதற்கிடையில் ஆட்டோபைலட் உயரத்தைப் பிடித்து வைப்பதை விட்டுவிட்டது. எச்சரிக்கை ஒலி வந்தது, யார் காதிலும் விழவில்லை. கட்டுப்பாட்டாளர் திரையில் உயரம் குறைந்திருப்பதைக் கண்டார், ஆனால் 'எப்படிப் போகிறது' என்பது போலப் பொதுவாகத்தான் கேட்டார். நல்ல நிலையில் இருந்த விமானம் சதுப்பு நிலத்தில் மோதி, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. பல்புதான் போயிருந்தது.

அன்று காக்பிட்டில் இருந்தவர்களில் யாருமே ஆம்புலன்ஸை ஓட்டவில்லை. இதையும் இதுபோன்ற பிற விபத்துகளையும் ஆராய்ந்துதான் 1970களின் இறுதியில், குழுவாக எப்படிப் பேசுவது, எப்படி வேலையைப் பிரிப்பது என்பதற்குத் தனிப் பயிற்சியை உருவாக்கினார்கள். க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் என்று அதற்குப் பெயர். இன்று எல்லா நிறுவனங்களிலும் அது கட்டாயம்.

அப்புறம், அவசரத்தில் எதை முதலில் செய்வது? விமானிகளுக்கு முதல் பாடமே இந்த வரிசைதான்: முதலில் விமானத்தைப் பறக்க வை, அடுத்து எங்கே போகிறாய் என்று பார், அதன் பிறகு பேசு. கோளாறு வந்த உடனே பைலட் ஏன் அறிவிப்பு செய்வதில்லை என்று பயணிகள் கோபப்படுவதுண்டு. அவர் உங்களை மறந்துவிடவில்லை, நீங்கள் அந்த வரிசையில் மூன்றாவது இடத்தில் இருக்கிறீர்கள்.

இன்னொரு தவறான கற்பனை, விமானிகள் மின்னல் வேகத்தில் பட்டன்களை அமுக்குவார்கள் என்பது. புறப்படும்போது ஓர் எஞ்சின் நின்றுவிட்டால், விமானத்தை நேராகப் பிடித்து மேலேற்றுவதுதான் முதல் வேலை. சுமார் 400 அடி வரை எஞ்சின் கோளாறுக்கான நடவடிக்கை எதையும் தொடங்காமல் இருப்பது பரவலான நடைமுறை. ஒரு எஞ்சினை அணைப்பதற்கு முன் ஒருவர் கைவைத்துக் காட்டுவார், மற்றவர் 'சரி, அதுதான்' என்று உறுதி செய்வார். சினிமாவில் இதைக் காட்டினால் படம் ஓடாது.

சுற்றுவது நல்ல செய்தி

திருச்சி விமானத்துக்கு வருவோம். ஷார்ஜா வரை போக வேண்டிய எரிபொருளோடு அது கிளம்பியது. ஒவ்வொரு விமானத்துக்கும் தரையிறங்கும்போது இருக்கலாம் என்று ஓர் அதிகபட்ச எடை உண்டு. புறப்படும் எடை அதைவிட அதிகம். பெரிய விமானங்கள் சிலவற்றில் எரிபொருளை வானத்திலேயே வெளியேற்ற வசதி இருக்கிறது. திருச்சியில் பறந்த போயிங் 737இல் இல்லை, நம் ஊரில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320இலும் இல்லை. சுற்றித்தான் எரிக்க வேண்டும்.

தீ மாதிரி ஏதாவது என்றால் எடையைப் பார்க்க மாட்டார்கள், உடனே இறக்கிவிடுவார்கள். அதனால் ஒரு விமானம் நிதானமாகச் சுற்றுகிறது என்றால், நேரம் இருக்கிறது என்று உள்ளே இருப்பவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் ஏ380 ஒன்றின் எஞ்சின் வெடித்துச் சிதறி, இறக்கையையும் துளைத்தது. திரையில் எச்சரிக்கைகள் கொட்டின. 469 பேர் உள்ளே. விமானிகள் உடனே பாய்ந்து இறங்கவில்லை. சுமார் 50 நிமிடம் சுற்றி, ஒவ்வொரு எச்சரிக்கையாகப் படித்து, எது வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள். யாருக்கும் காயமில்லை.

எரிபொருள் தீரப்போகிறது என்றால் கதை வேறு. இறங்கும்போது குறைந்தது 30 நிமிட எரிபொருள் மிச்சம் இருக்க வேண்டும் என்பது ஜெட் விமானங்களுக்கான விதி. அது குறையும் என்று கணக்கு காட்டினால் 'மே டே ஃபியூயல்' சொல்லியே ஆக வேண்டும். 2025 ஜூனில் கவுகாத்தியிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானம் அப்படிச் சொல்லிவிட்டு பெங்களூரில் இறங்கியது. தொட்டி காலியாகிவிட்டது என்று அப்போதும் புரளி கிளம்பியது. அரை மணி நேரச் சேமிப்பில் கை வைக்க நேரும் என்பதைத்தான் அந்த அழைப்பு சொல்கிறது.

'20,000 அடி விழுந்த' விமானம்

அடிக்கடி வரும் இன்னொரு தலைப்பு இது. 35,000 அடியில் வெளிக்காற்று மிக மெல்லியது. கேபினுக்குள் காற்றை அழுத்தி, சுமார் 8,000 அடி உயரத்து மலையூரில் இருப்பது போன்ற அளவில் வைத்திருப்பார்கள். அந்த அழுத்தம் போனால், 35,000 அடியில் ஒருவர் தெளிவாகச் சிந்திக்கக்கூடிய நேரம் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்தான். ஆகவே விமானிகள் முதலில் தங்கள் ஆக்சிஜன் முகமூடியை மாட்டுகிறார்கள், பிறகு வேண்டுமென்றே வேகமாக 10,000 அடிக்குக் கீழே கொண்டுவருகிறார்கள். உங்கள் தலைக்கு மேல் விழும் முகமூடியில் ஆக்சிஜன் பொதுவாக 12 நிமிடமாவது வரும். இறங்குவதற்கு அது போதும். லே போகும் பாதையில் மட்டும் கீழே இமயமலை இருப்பதால், எந்தப் பள்ளத்தாக்கு வழியாக இறங்குவது என்று முன்கூட்டியே திட்டம் வைத்திருப்பார்கள்.

மும்பைக்கு இதில் ஓர் அனுபவம் உண்டு. 2018 செப்டம்பர் 20 அன்று இங்கிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் விமானத்தில், கேபினுக்குக் காற்று அனுப்பும் சுவிட்சை விமானிகள் போடவில்லை. முகமூடிகள் விழுந்தன, சிலருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது. விமானம் மும்பைக்கே திரும்பியது. செக்லிஸ்ட் என்ற காகிதத்துக்கு ஏன் அவ்வளவு மரியாதை என்றால் இதற்குத்தான்.

கேபின் க்ரூ: மூன்றாவது ஜோடிக் கண்கள்

டீ கொடுப்பவர்கள் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. சுமார் 50 இருக்கைகளுக்கு ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது டீக்காக அல்ல. காக்பிட் ஜன்னலிலிருந்து எஞ்சின் பொதுவாகத் தெரியாது. பின்னால் புகை நாற்றம் வந்தாலும் முன்னால் தெரியாது. அதைச் சொல்வது கேபின் க்ரூவின் பொறுப்பு.

சொல்லாமல் போனதால் வந்த வினை 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த்தில் நடந்தது. இடது எஞ்சினில் கோளாறு. விமானிகள் அணைத்ததோ வலது எஞ்சினை. வலது எஞ்சினில் சிக்கல் என்று கேப்டன் அறிவித்தார். இடது பக்கம் தீப்பொறி பறந்ததைப் பின்னால் இருந்த சில பயணிகளும் கேபின் க்ரூவும் பார்த்திருந்தார்கள். யாரும் முன்னால் போய்ச் சொல்லவில்லை. 47 பேர் இறந்தார்கள். மரியாதை கருதிச் சும்மா இருப்பது நமக்கு ரொம்பப் பழக்கமான விஷயம் என்பதால் இந்தச் சம்பவம் எனக்கு மற்றவற்றைவிட அதிகமாக உறுத்தும்.

இன்று கேப்டன் மூத்த கேபின் க்ரூவை அழைத்தால் நான்கு விஷயங்கள் சொல்வார்: என்ன பிரச்சினை, என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது, சிறப்பாக ஏதாவது செய்ய வேண்டுமா. கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

கதவைத் திறந்து எல்லாரையும் சறுக்கில் இறக்குவதும் எப்போதும் சரியான முடிவு இல்லை. சிங்கப்பூரில் அந்த ஏ380 நின்ற பிறகு எரிபொருள் ஒழுகிக்கொண்டிருந்தது, பிரேக்குகள் கொதித்தன, ஓர் எஞ்சினை அணைக்கவே முடியவில்லை. பயணிகள் உள்ளே இருப்பதே மேல் என்று முடிவு செய்து, நுரை பாய்ச்சி, படிக்கட்டு கொண்டுவந்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். 2024 ஜனவரி 2 டோக்கியோ ஹனேடாவில் நேர்மாறு. ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 ஓடுபாதையில் கடலோரக் காவல் விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. அந்தச் சிறிய விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை, மெகாஃபோனைப் பிடித்துக் கத்தினார்கள். எட்டுக் கதவுகளில் தீ எட்டாத மூன்றை மட்டும் திறந்தார்கள். 379 பேரும் வெளியே வந்துவிட்டார்கள்.

எந்தக் கதவு பத்திரம் என்பதை அவர்கள் வெளியே பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். காட்கோபர் மேலே விமானம் தாழ்ந்து வரும்போது, தூங்குகிறவரைத் தட்டி எழுப்பி ஜன்னல் திரையைத் தூக்கச் சொல்வது அதற்காகத்தான்.